மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது

அக்கா,

பக்கத்து போர்ஷனில் இன்று காலையும் கடுகெண்ணெய் காய்ந்தது. திருத்தணியில், இந்த மலையடிவாரத் தெருவில், அந்த நேரத்துக்கு இட்லி வேகிற வாசனை வரும், கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு அந்த போர்ஷனுக்குப் பீகாரிலிருந்து ஒரு ஜோடி குடிவந்தது. அன்று தொடங்கி இந்த நெடியும் சேர்ந்து வருகிறது. தினமும் நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இன்று சாத்தவில்லை. பால் பாக்கெட்டும் கத்தரிக்கோலும் கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அந்த எண்ணெய்க்குக் கண் கரிக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். "இன்னாமே, எண்ணெ காயறதுக்கெல்லாம் அழுதுகினு?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் நீயும் மூக்கை உறிஞ்சியிருப்பாய்.

தில்லிக்கு வந்த புதிதில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நீ மாடிப்படி ஏறுவாய். "கீழ் வூட்டுல சமைக்கிறாங்களா, சைக்கிளுக்கு எண்ணெ போடறாங்களா?" என்று கேட்பாய். நாலைந்து குளிர்காலம் போன பிறகு, வேறு எண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு உனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் எடுத்துப்போய் உன் தம்பி வீட்டில் சமைத்துக் காட்டினாய். அந்த வாணலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, உன் தம்பி பெண்டாட்டி அதை உன்னிடமே கொடுத்தனுப்பிவிட்டாள். நீ அதைப் பெரிய பரிசுபோல ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்.

எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தில்லியிலிருந்து போன் வந்தது. அங்கே நாம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய மருமகள்தான். "ஆன்ட்டி, மாடி அறை இன்னும் காலியாத்தான் இருக்கு. நீங்க வர்றதா இருந்தா வேற யாருக்கும் விடல. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்றாள், அவளுடைய பஞ்சாபி கலந்த இந்தியில். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து உன்னிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தில்லிக்குத் திரும்பிப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? பல் தேய்க்கும்போது கேட்கிறேன், கீரை ஆயும்போது கேட்கிறேன். நீ வாயே திறப்பதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு கேள்விக்கு நாலு பதில் வைத்திருந்தவள் நீ.

நம்மைச் சேர்த்துவைத்தது ஒரு பஸ். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோ வேலை கிடைத்து நான் தில்லிக்கு வந்து இறங்கியிருந்த சமயம். இந்த ஊர் டைப்ரைட்டிங் கிளாஸில் தட்டிக் கற்றது அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருந்தது. தில்லி பஸ் ஸ்டாப்பில் நிற்காது என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் வேகம் குறையும், அதற்குள் ஏறிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பஸ்ஸில் தொற்றி, உள்ளே தள்ளப்பட்டு, எந்தக் கம்பியைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியபோது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "பாவி, நிறுத்தவே மாட்றானே! இவன் பஸ் ஓட்றானா, பந்தயத்துக்குப் போய்க்கினு இருக்கானா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றேன்.

"அம்மையார்குப்பம். நீ?"

"திருத்தணி."

"அட, நம்ம பக்கம்! குந்துமே, குந்து" என்று கையைப் பிடித்து இழுத்து உன் சீட்டில் பாதியைக் கொடுத்தாய். பக்கத்தில் இருந்த சர்தார்ஜி நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார். பேச்சு மும்முரத்தில் நான் இறங்க வேண்டிய இடமும் போயிற்று, நீ இறங்க வேண்டிய இடமும் போயிற்று. பஸ் கடைசியாகப் போய் நின்ற டெப்போவில் இறங்கி, டீ வாங்கிக் குடித்துவிட்டு, அதே வழியில் திரும்பி வந்தோம். அதுதான் நம் முதல் ஊர் சுற்றல்.

அந்தப் பெரிய ஊரில் தமிழர்களுக்குக் குறைவில்லை. ஆனால் நம் பேச்சைக் கேட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு பொங்கல் விழாவில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் உன்னைப் பார்த்து, "நீங்க தெலுங்குக்காராளோ?" என்று கேட்டார். நீ உன் அப்பாவை நைனா என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. சரியென்று யுகாதிக்குத் தெலுங்குக்காரர்கள் விழாவுக்குப் போனோம். அங்கே நாலு வார்த்தை பேசியதும், தமிழர்கள்தானே என்று சிரித்தார்கள். ஆபீஸிலோ நாம் மொத்தமாக மதராசிகள். "மூணு கூட்டமும் நம்பள வெளிய தள்ளுது. வா, நாம தனியா சங்கம் வச்சிக்கலாம். நான் ஒரு தலைவி, நீ ஒரு தலைவி" என்றாய். அந்தச் சங்கத்தில் கடைசி வரைக்கும் வேறு யாரும் சேரவில்லை.

அந்த வருஷமே நாம் அந்த மாடி அறையைப் பிடித்தோம். மொட்டைமாடியில் தனியாக ஓர் அறை, பக்கத்தில் தகரம் போட்ட சமையல் இடம், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு. உன்னைக் கட்டியவர் வேறொரு குடும்பம் தேடிப் போய்விட்டதால் நீ பரீட்சை எழுதி வேலை வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவள். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று என் வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். அதையெல்லாம் ஒரு சாயங்காலத்தில் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிட்டோம். பிறகு அந்தப் பேச்சை நாம் எடுக்கவே இல்லை. கோடையில் சுவரெல்லாம் கொதிக்கும். வாளி வாளியாகத் தரையில் ஊற்றி, ஈரத்தின் மேலேயே பாயைப் போட்டுக் கிடப்போம். ஆடி மாதம் வந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மாவில் கூழ் ஊற்றுவாய். கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுத்ததும், அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்று கவலையோடு விசாரித்தார். மருந்து என்று நினைத்துவிட்டார் மனுஷன். அப்புறம் வருஷாவருஷம் அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் உனக்கு வீடு கொள்ளாது. எண்ணெய் வைத்துத் தலை பின்னி, ஊறுகாய் வைத்த சப்பாத்தியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாய். ஊரைச் சுற்றி வளையமாகப் போகிற முத்ரிகா பஸ் என்றால் உனக்கு உயிர். "ஏறிக் குந்திகினா போதும்மே. ஊரையெல்லாம் காட்டிட்டு, ஏறின எடத்துலயே எறக்கி வுட்டுடறான். வழி கேக்கற பேஜாரே கெடையாது" என்பாய். நீ இந்தி எழுத்துப் படித்ததே பஸ் போர்டுகளில்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். "போவட்டும், பேரு தெரிஞ்சிகினோம்ல" என்று அடுத்ததற்கு நிற்பாய். மழைக்காலத் தொடக்கத்தில் பெரிய பெரிய சாலைகளின் ஓரமாக நாவல் மரங்களின் அடியில் நடப்போம். நீ பொறுக்குவாய், நான் ஊதித் தருவேன். திங்கட்கிழமை ஆபீஸில் இருவர் நாக்கும் நீலமாக இருக்கும்.

குளிர்காலத்தில் தோட்டங்களுக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்து வெயில் காய்வோம். ஆரஞ்சு உரித்து, வேர்க்கடலை உடைத்து, எலுமிச்சையும் உப்பும் தடவிய முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு பகல் முழுக்கக் கிடப்போம். "ஊர்ல சொல்லிப் பாரேன், வெயில்ல குந்தறதுக்கு பஸ் ஏறிப் போனோம்னு. வழிச்சிகினு சிரிப்பாங்க" என்று நீ புரண்டு புரண்டு சிரிப்பாய். உன் ஸ்வெட்டரில் புல் ஒட்டியிருக்கும். உனக்கு முதுகில் கை எட்டாது, நான்தான் தட்டிவிட வேண்டும்.

அந்தக் கல்லறை மண்டபத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நல்ல வேனில். ஊரின் தென்கோடியில் உயரமான ஒரு மேடு, அதன் மேல் பெரிய கட்டடம், ஏறிப்போகக் கருங்கல் படி. பஸ்ஸிலிருந்து இறங்கி அதைப் பார்த்ததும் நாம் இருவரும் நேராகப் படிக்கே போனோம். படியின் அடியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தோம். நீ முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நானும் ஒற்றிக்கொண்டேன். மேட்டின் மேல் ஏறுகிற படிக்கட்டென்றால் நமக்கு வேறென்ன தோன்றும்? கல் அடுப்புபோலச் சுட்டது. வேண்டுதல்காரர்கள்போலத் தத்தித் தத்தி ஏறினோம். எதிரே இறங்கியவர்கள் எல்லாம் ஷூவும் செருப்புமாக இறங்கினார்கள். "பாருமே, கொஞ்சமாவது பயம் இருக்கா இவங்களுக்கு" என்று நீ பல்லைக் கடித்தாய். மேலே போய்ப் பார்த்தால் விளக்கு இல்லை, மணி இல்லை, நடுவில் ஒரு சமாதி. கீழே இறங்கி வந்தால் செருப்பும் இல்லை. யாரோ விட்டுப்போன குப்பை என்று காவல்காரர் எடுத்துத் தகர டிரம்மில் போட்டிருந்தார். "பெஹன்ஜி, இங்கே சாமி கிடையாது, செத்தவர்தான் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே அவர் எடுத்துக் கொடுத்தார். நீ அசரவில்லை. "செத்தவங்களுக்கு மரியாத குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?" என்று தமிழில் சொன்னாய். அப்புறம் எந்தக் கல்லறைக்குப் போனாலும், வெயிலோ குளிரோ, அடியிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. உன்னால் தப்பை ஒத்துக்கொள்ள முடியாது. அதை வழக்கமாக்கிவிடுவாய்.

ஊருக்குத் திரும்புவது என்று பேச ஆரம்பித்தது நீதான். அம்மையார்குப்பத்துக்கு வர உனக்கு மனசில்லை. "தெருவுல கால வச்சா, அந்த ஆளு எங்க கீறாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. திருத்தணியிலயே இருந்துக்கலாம். பஸ் ஏறினா தம்பி வூடு. நெனச்சா போவலாம், வேணான்னா வரலாம்" என்றாய். நீ எனக்கு முன்பே ரிட்டையர் ஆனாய். உனக்கு அப்போதே கிளம்பிப் போயிருக்க வழி இருந்தது. "நீ இல்லாம நான் அங்க போயி யார் கூடமே பேசறது?" என்று எனக்காகக் காத்திருந்தாய். என் தம்பி இங்கே வீடு பார்த்தான். மாடி, இரண்டு போர்ஷன், ஜன்னலில் மலை தெரியும் என்று போட்டோ அனுப்பினான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கொடி கட்ட எடம் கீதான்னு கேளு" என்றாய்.

எனக்கு வேலை முடியச் சில மாதங்களே இருந்த குளிர்காலம் அது. காலையில் எழுந்து, நெஞ்சில் வாயு பிடித்துக்கொண்டது என்று சுக்குத் தண்ணீர் கேட்டாய். நான் போட்டுக்கொண்டு வந்தேன். பாதி குடித்தாய். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்து, அன்று மத்தியானம் நான் தனியாக ஆட்டோவில் திரும்பினேன். இவ்வளவுதான் நடந்தது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. உன் தம்பி விமானத்தில் வந்து சேர்ந்தார். யமுனைக் கரைப் படித்துறையில் அவர் காரியம் செய்தபோது, நான் மேல்படியில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு குளிரில் கால் மரத்துப்போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வேலை முடிந்ததும் பேசிவைத்தபடி வந்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா, இங்கே யாரும் எனக்குக் குறை வைக்கவில்லை. தம்பி வருகிறான், தம்பி பெண்டாட்டி குழம்பு கொடுத்தனுப்புகிறாள். ஆனால் தெருவில் எனக்குப் பேர் டெல்லிக்காரம்மா. நான் பேசுகிற தமிழில் இந்தி விழுகிறதாம். கடையில் என்னை அறியாமல் "பஸ், பஸ்" என்று சொன்னேன், போதும் என்ற அர்த்தத்தில். கடைக்காரர் எட்டித் தெருவைப் பார்த்தார். யாரிடம் சொல்லிச் சிரிப்பது? ஒரு நாளில் பார்க்கிறதை, கேட்கிறதை எல்லாம் சாயங்காலம் உன்னிடம் சொல்வதற்கென்று இன்னமும் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் வந்துவிடுகிறது.

எனக்குத் தனிமையாக இருக்கிறது என்பதை வேறு அலங்காரம் இல்லாமலே சொல்லிவிடுகிறேன். நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. இந்த ஜன்னலுக்கு உன்னைத் தெரியாது. இந்த ஊரில் எந்த முனையில் திரும்பினாலும், இங்கேதானே அவள் இப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. தில்லியில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நீ இருக்கிறாய். அதனால்தான் மாடி அறை காலி என்று அந்தப் பெண் சொன்னதிலிருந்து மனசு அங்கேயே போய் நிற்கிறது. அங்கே போனால் உன்னோடு இருக்கலாம். இந்த வயசில் அத்தனை படி ஏறி இறங்க வேண்டும், காய்ச்சல் வந்தால் ஒரு வாய்க் கஞ்சி வைக்க ஆள் கிடையாது. அதுவும் தெரியும்.

பக்கத்து போர்ஷன் பெண்ணின் பேர் சுனிதா. புருஷன் கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவான், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போய்விடுவான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். காய்காரம்மா வந்தால் விரலால் காட்டி வாங்குவாள். அம்மாவோடு போனில் பேசுகிறபோது சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். இங்கே மனசு ஒட்டவில்லை என்பாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு இந்தி தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. உன்னோடு முடிந்துபோன ஒன்றை வேறொருத்தியோடு ஆரம்பிப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷனில் ரிசர்வேஷன் கவுன்ட்டர் மத்தியானம் வரைதான் திறந்திருக்கும். காலையில் அந்த நெடியில் நின்று அழுது முடித்ததும், தில்லிக்கு டிக்கெட் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது சுனிதா நிற்பதைப் பார்த்தேன். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், நல்ல புடவை. ஒரு பஸ்ஸின் முன்னால் போய் போர்டை நிமிர்ந்து பார்ப்பாள், அடுத்த பஸ்ஸுக்குப் போவாள். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். ஒரு டிரைவர் ஹாரன் அடித்ததும் பதறி நகர்ந்தாள்.

நான் போயிருக்கலாம். கால் நின்றுவிட்டது. "எங்கே போகணும்?" என்று இந்தியில் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஆன்ட்டி, உங்களுக்கு இந்தி வருமா?" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "எங்கேயும் இல்லை. சும்மா எதிலாவது ஏறிச் சுத்திட்டு வரலாம்னு வந்தேன். எது எங்கே போகும்னு தெரியலை."

அதைக் கேட்ட பிறகு நான் என்ன செய்ய முடியும், நீயே சொல். பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்ற பஸ்ஸில் அவளை ஏற்றி, நானும் ஏறினேன். கண்டக்டர் வந்து, "எங்கம்மா?" என்றார். "அம்மையார்குப்பம் ரெண்டு" என்றது என் வாய். நான் போர்டைக்கூடப் பார்த்து ஏறவில்லை. "கரெக்டாத்தான் ஏறிக்கினீங்க" என்று, பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தவள் நான்.

ஆர்.கே.பேட்டை தாண்டும் வரை அவள் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கரும்பு, மாந்தோப்பு, மொட்டைக் குன்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு திரும்பி, "நீங்க எந்த ஊர், ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"தில்லி" என்றேன்.

அக்கா, முப்பது வருஷத்துக்கு மேல் தில்லியில் இருந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் திருத்தணி என்று சொன்னவள் நான். பிறந்த ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லியிருக்கிறேன். அவளோ, "அதான் இவ்வளவு நல்லாப் பேசுறீங்க" என்று நம்பிவிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் எதைச் சொல்வது என்று எனக்கே புரியவில்லை.

அம்மையார்குப்பத்தில் இறங்கியதும் தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் தெருவுக்குத் தெரு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. சுனிதா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் தம்பி வீட்டுத் தெரு எனக்குத் தெரியும். முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே போகத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரைப் பார்க்க வந்தோம் என்று கேட்டாள். "இது என் அக்கா ஊர்" என்றேன். "அக்கா இருக்காங்களா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் தன் பன்னைப் பிய்த்து, பெரிய துண்டை என் டீ டம்ளரின் மேல் மூடிபோல வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆன்ட்டி, அந்தக் காய்காரம்மா தினமும் என்னைத் திட்டுதா?" என்று கேட்டாள். என்ன சொல்கிறாள் என்றேன். அந்தக் குரலையே பிடித்து, இடுப்பில் கை வைத்து, "இன்னாமே வோணும்? இன்னாமே?" என்று செய்து காட்டினாள். டீ எனக்குப் புரையேறிவிட்டது. கடைக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "திட்டு இல்லை. இங்கே பிரியமாகக் கூப்பிடுறது அப்படித்தான்" என்று சொல்லும்போது என் குரல் உடைந்துபோயிற்று. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில், நல்ல வேளை, அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கவுன்ட்டர் மூட இன்னும் நேரம் இருந்தது. விரைந்து நடந்தால் போதும். "நீ வீட்டுக்குப் போ, எனக்கு ஸ்டேஷனில் ஒரு வேலை இருக்கு" என்று அவளிடம் சொல்லத்தான் திரும்பினேன்.

அதற்குள் அவள், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருப்பீங்களா, ஆன்ட்டி?" என்றாள்.

"ஆங், இருப்பேன்" என்றேன். இந்தியில்கூட இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். அவள் வழியில் என்னவோ பேசிக்கொண்டே வந்தாள். எனக்குக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. உன்னைச் சந்தித்த நாளிலிருந்து உன்னைக் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை. நீ போன பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். இன்று கேட்க மறந்துவிட்டேன். அது எனக்கு நிம்மதியாக இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

தில்லிக்குப் போன் பண்ண வேண்டும். நான் வரவில்லை, அறையை யாருக்காவது விட்டுவிடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் சுண்ணாம்பு அடிப்பார்கள், கட்டிலை வேறு பக்கம் போடுவார்கள். போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்கிறேன், அக்கா. இன்று ஒரு நாள் அது நம்முடைய அறையாகவே இருக்கட்டும்.